‘சாம்பிள் கெட்டுப்போச்சு’ என்றார்கள்

வெள்ளிக்கிழமை மாலை, என் கொசு மாதிரியை வரிசைப்படுத்திய தரவுக் கோப்பு வந்துவிட்டது. திறந்து பார்த்த சந்தோஷத்தில் பக்கத்து மேசைச் சீனத் தோழியைக் கட்டிப்பிடித்தே விட்டேன். ஆனாலும் நான்கு மாத எரிச்சல் இன்னும் ஆறவில்லை. பூச்சியின் சினைப்பையிலிருந்து சிறு ஆர்.என்.ஏ. (மரபணுக்களை அடக்கி வைக்கும் குட்டி இழைகள்) எடுத்து, அவற்றின் எழுத்து வரிசையைப் படிக்க வெளியிடத்தில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

டெங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு வளர்ப்பிலும் ரத்தம் ஊட்டுவதிலும் ஒரு தொல்லையும் இல்லை. ரத்தம் குடித்து 48 மணி நேரத்தில் சினைப்பையை எடுக்க வேண்டும் என்பதை நாள்காட்டியோடு வைத்துப் பார்க்காததுதான் தப்பு. தைப்பூசத்தன்று அம்மா பால்குடத்தோடு பினாங்குத் தண்ணீர்மலை ஏற, நான் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தேன். “சாமியவிட கொசு பெருசாப் போச்சா?” என்று இரண்டு வாரம் கேட்டார்.

முதல் சறுக்கலுக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பல வருடமாகக் கைமாறி வந்த செய்முறைத் தாளை அப்படியே நம்பினேன். ஆர்.என்.ஏ.வை ஒட்டவைத்துப் பிடிக்கும் வடிகுழாயில் (column) ஊற்றுமுன் 70 சதவீத எத்தனால் சேர் என்றது தாள். பெரிய ஆர்.என்.ஏ.வுக்கு அது சரி. 200 நியூக்ளியோடைடுக்கு (ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள்) கீழே நீளம் உள்ளவை ஒட்டாமல் வடிந்து போய்விடும். எனக்கு வேண்டியவையோ 21 முதல் 30 வரை. அளவுமானி அழகான எண் காட்டியதால் சந்தேகமே வரவில்லை. 60 கொசுக்களின் சினைப்பைகளில் எனக்கு வேண்டியதெல்லாம் கழிவுப் புட்டிக்குப் போயிருந்தது. கலப்படமில்லாத எத்தனாலை ஒன்றரை மடங்கு சேர்த்தால்தான் சின்னவை நிற்கும். இதைத் தாளின் மேலே சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இரண்டாம் முறை எடுத்ததைக் கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. உலர்பனி போட்ட பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பட்டர்வொர்த்தில் ரயிலேறி, கோலாலம்பூரில் வரிசைப்படுத்தும் நிறுவனத்துக்கு நானே கொண்டுபோனேன். முகப்பில் இருந்த கிராணி (எழுத்தர்) பாரத்தைப் புரட்டினார். மேற்பார்வையாளரின் கையெழுத்து முதல் பக்கத்தில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் இல்லை, வாங்க முடியாது என்றார். ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லட்டுமா என்றேன். அசல்தான் வேண்டுமாம். பெட்டியிலிருந்து கிளம்பிய புகை மெலிந்துகொண்டே வந்தது. எனக்கு அழுகை முட்டியது. நல்லவேளை, உள்ளேயிருந்து ஒரு தமிழ் அக்கா எட்டிப் பார்த்தார். “வெச்சிட்டுப் போம்மா, மைனஸ் எண்பதுல போட்டு வைக்கிறேன். தாளைப் போஸ்ட்ல அனுப்பு.” அவர் இல்லையென்றால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான்காம் நாள் மின்னஞ்சல்: ஆர்.ஐ.என். (ஆர்.என்.ஏ. சிதையாமல் இருக்கிறதா என்று சொல்லும் மதிப்பெண்) 4.1, மாதிரி சிதைந்துவிட்டது, நிராகரிப்பு.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த எண் 1 முதல் 10 வரை போகும், 10 என்றால் சிதையவே இல்லை. புரதம் செய்யும் ரைபோசோமில் உள்ள 28எஸ், 18எஸ் என்ற இரண்டு பெரிய ஆர்.என்.ஏ.க்கள் அளவு வரைபடத்தில் எழுப்பும் முகடுகளை முக்கியமாக வைத்துக் கணக்காகும். மனிதனுக்கும் எலிக்கும் அது பொருந்தும். பெரும்பாலான பூச்சிகளில் 28எஸ் இயல்பிலேயே நடுவில் வெட்டுப்பட்டு, இரு துண்டுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து நிற்கும். அளக்கும் சில்லில் (chip) ஏற்றுமுன் 70 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கினால் பிரிந்துவிடும். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 18எஸ் அளவு. 28எஸ் முகடு காணாமல் போகும், இயந்திரம் ‘சிதைந்தது’ என்று சொல்லும். இதைத் தொலைபேசியில் மூன்று பேரிடம் மூன்று முறை சொன்னேன். மூவரும் ஒரே பதில்: “எங்க கட்-ஆஃப் ஏழு, மேடம்.”

கடைசியில் வாதாடுவதை விட்டேன். அதே குழாயைச் சூடாக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான் என்று கேட்டேன். மறுநாள் படம் வந்தது. 28எஸ் முகடு கோபுரம் மாதிரி நின்றது! மன்னிப்பு எதுவும் வரவில்லை, ‘தொடரலாம்’ என்று ஒரு வரி மட்டும். மாதிரி கொடுக்கும்போதே பாரத்தில் ‘பூச்சி, சூடாக்காமலும் ஓட்டவும்’ என்று எழுதிவிடுங்கள். நான் இழந்த மூன்று வாரம் உங்களுக்கு மிஞ்சும்.

வந்த தரவில் 21 எழுத்து நீளத்தில் ஒரு கூர்முனை, அது எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்ற சிறு ஆர்.என்.ஏ. வகை. 25 முதல் 30 வரை அகலமான மேடு, அது பை-ஆர்.என்.ஏ. என்ற இன்னொரு வகை. சிதைந்த மாதிரியில் இப்படி எங்கே தனித்தனியாக எழும்? எதிரெதிர் இழைகளிலிருந்து வந்த பை-ஆர்.என்.ஏ.க்கள் சரியாக 10 எழுத்து மேற்பொருந்தின. ஒன்றின் தொடக்கத்தில் யூ என்ற எழுத்து, இணையின் பத்தாம் இடத்தில் ஏ. 2007இல் பழ ஈயில் கண்ட அதே பிங்-பாங் முத்திரை: ஒன்று வெட்டும் இழையிலிருந்து மற்றொன்று உருவாகும், பந்து போல் மாறி மாறி. தாவும் மரபணுக்கள் முட்டையின் டி.என்.ஏ.வைக் குதறாமல் காவல் காக்கும் கூட்டம் இந்தப் பை-ஆர்.என்.ஏ.

நான் தேடிப் போன டேப்பிர்-1 (tapiR1) என்ற பை-ஆர்.என்.ஏ.வும் இருந்தது (மிருகக்காட்சிசாலையில் நிற்கும் தாப்பிர் அல்ல). தாய்க்கொசு முட்டையில் வைத்து அனுப்புவது இது. தாய் கொடுத்த தூது ஆர்.என்.ஏ.க்களில் பலவற்றைக் கரு பிறகு இதன் உதவியால்தான் அழிக்கிறது. இதைத் தடுத்தால் கரு வளர்ச்சி நின்றுவிடுகிறது என்று 2020இல் காட்டினார்கள். அம்மாவிடம் ‘கொசு கொடுக்கும் சீர்’ என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், தைப்பூசத்தை மட்டும் மறக்கவில்லை.

நேற்று பில் வந்தது. சூடாக்காமல் ஓட்டிய அந்த ஒரு ஓட்டத்துக்கும் தனியாகப் பணம் கேட்டிருக்கிறார்கள்.