கார்பைடா, ஹைஸ்பீடு ஸ்டீலா: ஐந்து கிண்ணம் கடைந்த பிறகு

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் லேத், அதாவது மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம், வைக்க வழியில்லை. சத்தமும் தூசியும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை. அதனால் சனிக்கிழமைகளில் ஒரு பொதுப் பட்டறைக்குப் போய்த்தான் மரம் கடைகிறேன். நேற்றோடு ஐந்து கிண்ணம் முடிந்தது.

முதல் மூன்றும் கார்பைடு, அதாவது எஃகைவிடக் கடினமான ஒரு பொருள், நுனியில் வைத்த உளியில் கடைந்தவை. எனக்கு அப்போது சாணை பிடிக்கத் தெரியாது, அதுதான் காரணம். இந்த உளியின் நுனியில் ஒரு சின்ன வட்ட வில்லை, நடுவில் ஒரு திருகு. மழுங்கினால் திருகைத் தளர்த்தி வில்லையைக் கொஞ்சம் சுழற்றினால் போதும், புது முனை கிடைத்துவிடும். உளியின் கம்பியை லேத்தில் இருக்கும் தாங்கியின் மேல் தட்டையாக வைத்து, நுனியை மரத்தின் மைய உயரத்தில் பிடித்து, மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். முதல் நாளே கையில் ஒரு கிண்ணம். அந்தச் சந்தோஷம் பெரியது.

மூன்றாவது கிண்ணம் மழைமரம், நம் ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்போமே, அதுதான். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. உள்ளே விரலை ஓட்டினேன். வழவழப்பாகப் போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது. நேர் எதிர்ப்பக்கத்திலும் அதே சொரசொரப்பு. பலகையிலிருந்து கிண்ணம் கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் இழைகளின் வெட்டுமுனை உளிக்கு நேராக வரும். தட்டையாகப் பிடித்த கார்பைடு சுரண்டும் கருவி. அங்கே இழையை அறுக்காமல் பிய்த்துவிடுகிறது. 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தும் அந்தத் தடம் போகவில்லை.

பட்டறையில் மூத்தவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்போம், தம்முடைய குழி உளியைக் கொடுத்தார். ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற சூடு தாங்கும் எஃகில் செய்தது, நீளவாக்கில் பள்ளம் ஓடும். "தம்பி, முதல்ல சரிவு முகம், அதான் நுனியில சாய்வா தீட்டின பக்கம், மரத்துல உரசட்டும். வெட்ட வேணாம். அப்புறம் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்குங்க, அதுவா வெட்டும்." இரண்டு முறை உளி மாட்டிக்கொண்டு துள்ளியது. மூன்றாவது முறை நீளமான சுருள் ஒன்று மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தது. கார்பைடில் எனக்குத் துகளும் தூசியும்தான் வந்துகொண்டிருந்தன. நான்காவது கிண்ணத்துக்கு 180 எண் தாளிலேயே தொடங்கினேன்.

ஆனால் இந்த உளிக்குச் சாணை தெரிந்தே ஆக வேண்டும். நான் ஒரு கிண்ணத்துக்கு நான்கைந்து முறை சாணைக்குப் போகிறேன். கோணம் ஒவ்வொரு முறையும் மாறாமலிருக்க ஒரு பிடிமானத்தில் உளியை மாட்டி, சிபிஎன் (வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள போரான் நைட்ரைடு) பூசிய சாணைச் சக்கரத்தில் லேசாகத் தொட்டு எடுப்பேன். சாதாரணக் கார்பன் எஃகு சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். ஹைஸ்பீடு ஸ்டீல் அந்தச் சூட்டைத் தாங்கும். சூடான உளியைத் தண்ணீரில் முக்குவதுதான் தவறு, முனையில் நுண்விரிசல் விழலாம். நான் முதல் வாரம் அதைத்தான் செய்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நீள்கட்டையை உருளையாகத் திரட்டும் பெரிய அகல உளியைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். பெரும்பாலும் கைப்பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லியது, அங்கேயே முறிந்துவிடும்.

ஐந்தாவது, பழைய மேசைக்காலில் கிடைத்த தேக்கு. தேக்கில் சிலிக்கா உண்டு, எஃகு முனை சீக்கிரம் போய்விடுகிறது. அதனால் உட்புறத்தைக் கார்பைடில் குடைந்துவிட்டு, கடைசி இரண்டு வீச்சை மட்டும் புதிதாகச் சாணை பிடித்த குழி உளியில் முடித்தேன். எனக்கு இந்த முறைதான் ஒத்துவருகிறது. ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால், பட்டறையில் சாணையும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறவர்கள் குழி உளியை வாங்கலாம். இரண்டும் இல்லையென்றால் கார்பைடு.

தேக்குக் கிண்ணத்தின் விளிம்பில் மட்டும் ஒரு விரற்கடை நீளத்துக்கு இன்னும் சொரசொரப்பு இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை முதல் வேலை அதுதான்.