ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவாங்க?

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் பாதுகாப்புக் கருவிகள் சம்பந்தமாக எந்த டெண்டர் கோப்பு மேசைக்கு வந்தாலும் அவர் குரல்தான் முதலில் கேட்கிறது.

ஆர்சைன், பாஸ்பீன் என்ற நச்சு வாயுக்களின் சிலிண்டர்களை வைக்கும் கேஸ் கேபினெட், கசிவைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர்கள், எல்லாவற்றையும் கவனித்து வால்வை மூடவைக்கும் கன்ட்ரோலர். எங்கள் ஆய்வகத்துக்காக இவ்வளவும் சேர்ந்த டெண்டர் அது. வழக்கமான இரண்டு கவர் முறை, டெக்னிக்கலுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. கேபினெட், குழாய், வெல்டிங் எதிலும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. டிடெக்டர்களும் சான்றிதழ் உள்ள இறக்குமதிச் சரக்கு. கன்ட்ரோலர் மட்டும் பி.எல்.சி. என்ற தொழிற்சாலைக் கணினியை வைத்து அவரே கட்டியது. பாதுகாப்பு அமைப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நாங்கள் கேட்டிருந்த எஸ்.ஐ.எல். 2 சான்றிதழ் அதற்கு இல்லை. விண்ணப்பித்திருக்கிறோம், மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று ஒரு கடிதம் இணைத்திருந்தார். கமிட்டியில் மூத்த பேராசிரியர் ஒருவர், இதைச் சின்ன விலகலாக எடுத்துக்கொள்ளலாமே என்றார். கொள்முதல் பிரிவு என்ன சொல்கிறது என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முடியாது என்றேன்.

நிராகரித்த தகவல் போன பிறகு, ஆட்சேபக் கடிதத்தோடு நேரில் வந்தார். அதுவரை என்னிடம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேசியவர், அன்றைக்குத் தமிழில் பேசினார்.

"சர்டிபிகேட் கேக்குறீங்க, நியாயம்தான் சார். அலாரம் அடிச்சா ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவாங்க? அதை டெண்டர்ல எங்க கேட்டிருக்கீங்க?"

"அது டெண்டர்ல இல்லைங்க. இருக்கறத வெச்சுத்தான் நாங்க பாக்க முடியும்."

"நான் வருவேன் சார். அந்நேரத்துக்கு தும்கூர் ரோட்டுல வண்டியே இருக்காது."

"எழுத்துல இருக்கறதுதாங்க கணக்கு."

கடிதத்தின் நகலில் இன்வர்டு சீல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைவிருக்காது என்று நினைக்கிறேன்.

நான் சொன்னதில் தவறு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆர்சைன் விளையாட்டுச் சமாச்சாரம் கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்திருக்கும் உச்சவரம்பு 0.05 பிபிஎம் (பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதன் பூண்டு வாசனை மூக்குக்கு எட்டுவதே சுமார் 0.5 பிபிஎம் அளவில்தான். அதாவது, வாசனை வருகிறதே என்று ஒருவர் திரும்பிப் பார்க்கும்போது வரம்பைப்போல் பத்து மடங்கை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருப்பார். 3 பிபிஎம் என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும் இந்த வாயுவுக்கு மாற்று மருந்து இல்லை. பல மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு சிறுநீர் சிவப்பாகும்போதுதான் ஆளுக்கே விஷயம் புரியும். இப்படிப்பட்ட ஒன்றுக்கு நடுவில் நிற்கும் கன்ட்ரோலரை, சான்றிதழ் வரப்போகிறது என்ற வாக்கை நம்பி எப்படி வாங்குவது?

இன்னொன்றும் உண்டு. 2018 டிசம்பர் 5 அன்று இதே ஊரில், இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் ஹைட்ரஜன் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயமடைந்தார்கள். அதற்கு முன்பு பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் படித்தார்கள். எஸ்.ஐ.எல். 2 வேண்டும் என்ற வரி அப்படிப் படித்துச் சேர்த்தது. நானே வாதாடிச் சேர்த்த வரியை நானே தளர்த்தினால், மற்ற கம்பெனிகளுக்கு என்ன பதில் சொல்வேன்? அந்தச் சான்றிதழ் இல்லை என்று டெண்டரே போடாமல் ஒதுங்கியவர்கள் இருந்திருப்பார்களே. அரசுக் கொள்முதலுக்கான பொது நிதி விதிகளின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. அந்த விதி இருப்பதே இதற்காகத்தான்.

இவ்வளவு தெளிவு இருந்தும் ஏன் அந்தக் கேள்வி விடமாட்டேன் என்கிறது?

ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் தமிழில் பேச ஆரம்பித்ததும் நான் இறுகிப்போனேன். இந்த ஊர் அலுவலகத்தில், தமிழன் தமிழனுக்குச் செய்துகொடுத்தான் என்ற பேச்சு கிளம்ப ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அந்தப் பயம் இல்லாதிருந்தால் அவரை உட்காரச் சொல்லியிருப்பேன், கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டிருப்பேன். முடிவு மாறியிருக்காது. ஆனால் அவர் கேட்டது கோபத்தில் வந்த பேச்சா, தொழில் தெரிந்தவரின் எச்சரிக்கையா என்று அன்றைக்கே யோசித்திருப்பேன்.

ஆர்டர் வேறு மாநிலத்தில் தலைமை அலுவலகம் உள்ள பெரிய கம்பெனிக்குப் போனது. சான்றிதழ்கள் கனமான கோப்பாக வந்தன. நிறுவியதும் சரியாகவே நிறுவினார்கள். பிரச்சினை பிறகு ஒரு டிடெக்டரில் ஆரம்பித்தது. ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் டெக்னிக்கல் ஆபீசர் மேடம் என்னை அழைத்துக் காட்டினார். மூடியைத் திருகித் திறந்து சென்சார் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தார். தீப்பெட்டி அளவுகூட இல்லை. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட் மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டே வருமாம். சுமாராக இரண்டு வருஷம் ஆயுள். வாங்கி அலமாரியில் வைத்தாலும் ஆயுள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், மொத்தமாக வாங்கி அடுக்கவும் முடியாது. லேபிளில் இருந்த தேதியை விரலால் தேய்த்துக் காட்டினார். எங்களிடம் வரும்போதே அதன் ஆயுளில் ஒரு பகுதி கப்பலிலும் கோடவுனிலும் போயிருந்தது.

சென்சார் பழுது என்று கன்ட்ரோலர் கண்டுகொண்டதும் வால்வை மூடியது. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நான் வாதாடி வாங்கியது இந்த நடத்தையைத்தான். ஆனால் மாற்று சென்சார் இறக்குமதியாகி, அதை அளவுத்திருத்தம் செய்ய ஆள் வரும்வரை வாரக்கணக்கில் கேபினெட் பூட்டிக் கிடந்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேலை நின்றது. மறுபரிசீலனைக் கூட்டத்தில் ஒருவர், அந்த ஒரு டிடெக்டரை மட்டும் பைபாஸ் செய்துவிட்டு ஓட்டினால் என்ன, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே என்று கேட்டார். மேடம் மறுத்துவிட்டார். மறுக்கத் தைரியம் இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால்? எனக்கு உடம்பு கூசியது அந்த இடத்தில்தான். ஆள் வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பைபாஸ் சாவியை நோக்கி ஒருவரைத் தள்ளுகிறது.

அதன் பிறகுதான் எஸ்.ஐ.எல். என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். எத்தனையோ கோப்புகளில் எழுதிய சொல், அதுவரை எனக்கு அது சான்றிதழின் பெயர். தேவைப்படும் நேரத்தில் அமைப்பு வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு, சராசரியாக நூற்றில் ஒன்றுக்கும் ஆயிரத்தில் ஒன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதே இரண்டாம் நிலை. ஆனால் அந்தக் கணக்கு தானாக நிற்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் யாரோ வந்து, டிடெக்டர் முதல் வால்வு வரை முழுச் சங்கிலியையும் இயக்கிப் பார்க்கிறார்கள் என்ற நிபந்தனையின் மேல்தான் அது நிற்கிறது. சோதனை தள்ளிப்போகப் போகப் பழுதாகும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். சான்றிதழில் அச்சான எண் அப்படியே இருக்கும், கேபினெட்டில் இருக்கும் எண் மாறிவிடும்.

ஆக, யார் வருவாங்க என்று அவர் கேட்டது நான் பிடித்துக்கொண்டிருந்த சான்றிதழுக்குள்ளேயே இருந்த கேள்வி. டெண்டரில் அது இல்லை என்று நான் சொன்னது உண்மை. ஆனால் நான் கேட்ட சான்றிதழில் அது இருந்தது.

இதைப் படித்த பிறகும், அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வருவேன் என்றவர் நாளைக்கு உடம்பு முடியாமல் படுத்தால்? கம்பெனியை மூடினால்? அவர் கன்ட்ரோலர் நல்லதா கெட்டதா என்பதே எனக்குத் தெரியாது. டெக்னிக்கலில் தேறாததால் அவருடைய விலைக் கவரும் திறக்கப்படவில்லை. எவ்வளவு கேட்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த டெண்டரில் சில வரிகளைச் சேர்த்தேன். அழைத்த நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், சென்சார்கள் தயாரித்த தேதி இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், ஐந்து வருஷ சென்சார் செலவும் அளவுத்திருத்தச் செலவும் விலை ஒப்பீட்டில் சேரும். கடைசி வரி வேலை செய்தது. முதலில் மலிவாகத் தெரிந்த ஒன்று ஐந்து வருஷக் கணக்கில் மலிவாக இல்லை. நான்கு மணி நேர வரிக்கு மட்டும் எல்லாக் கம்பெனிகளும் 'ஒப்புக்கொள்கிறோம்' என்று ஒரே மாதிரி எழுதிவிட்டார்கள். பெங்களூரில் ஒரு சர்வீஸ் ஆள்கூட இல்லாதவர்களும் எழுதினார்கள். வராவிட்டால் பிடித்தம் செய்யலாம், ஆனால் அது அலாரம் அடித்த ராத்திரி முடிந்த பிறகு நடக்கிற காரியம்.

இப்போது புதிய கட்டடத்துக்கான இன்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, மேசையில் இருக்கிறது. கன்ட்ரோலருக்குச் சான்றிதழ் ஆர்டருக்கு முன்பே வேண்டாம், நிறுவி ஒப்படைக்கும்போது கொடுத்தால் போதும் என்று மாற்றலாமா, அப்படியானால் உள்ளூர்க் கம்பெனிகள் வர முடியும் என்று மேடம் எழுதியிருக்கிறார். சான்றிதழ் கடைசியில் வராவிட்டால், குழாய் போட்டு முடித்த கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கீழே எழுதினேன். அந்த ஆபத்தை முன்கூட்டியே வாங்கும் வங்கி உத்தரவாதத்தால் ஈடுகட்டலாமே என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். பணத்தை ஈடுகட்டலாம், சரி. மற்றதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் கோப்பை வைத்திருக்கிறேன். கமிட்டி அடுத்த வாரம் கூடுகிறது.