ரோஸ் ஹில் மாடி வீடு, மொரீஷியஸ், ஜனவரி–பிப்ரவரி 2025

ஜனவரி 27, திங்கள்

எங்கள் கட்டணப் புரோகிராமில் ஒரு கட்டணம் தோற்று, எடுத்த பணம் திரும்பிவிட்டது, சரி. ஏன் திரும்பியது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டுமே, அது எங்கே? கவுன்டரில் வந்து கேட்கிறவருக்குப் பதில் சொல்வதற்கென்றே டேட்டாபேஸில் ஒரு டேபிள் வைத்தேன். காலியாகக் கிடக்கிறது. புரோகிராமின் நடப்புக் குறிப்பான லாக்கில், வரியை எழுதும் இன்ஸர்ட் ஓடியிருக்கிறது, கண்ணால் பார்த்தேன். டேபிளில் இல்லை.

தம்பி கூப்பிட்டான். அம்மாவுக்கு ஊசி போட்டுச் சோதனைக்கு எடுத்தாயிற்றாம். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். அம்மா சாதாரணமாகத்தான் இருக்கிறாளாம். அவனுக்கு எல்லாமே சாதாரணம்தான்.

ஜனவரி 28

கண்டுபிடித்துவிட்டேன். எபேன் மெட்ரோவில் நின்றுகொண்டே.

புரோகிராமில் வெளியே ஒரு மெத்தட், அது கூப்பிடுவது உள்ளே பணம் எடுக்கும் சர்வீஸ். இரண்டின் தலையிலும் ‘எழுதுவதெல்லாம் சேர்ந்தே பதிவாகும், தோற்றால் சேர்ந்தே ரத்தாகும்’ என்று சொல்லும் ட்ரான்ஸாக்‌ஷனல் அனோட்டேஷன். ஆளுக்கு ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எழுதும் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங்கில் நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் ப்ராபகேஷன் (ஒன்றுக்குள் இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்ற விதி) ‘ரிக்வயர்டு’. ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆக, இருப்பது ஒன்றே ஒன்று. உள்ளே ரன்டைம் எக்ஸெப்ஷன் என்கிற பிழை கிளம்பியதும் அந்த ஒன்றின்மேல் ‘ரோல்பேக் ஒன்லி’, ரத்து மட்டுமே, என்று முத்திரை விழுந்துவிடுகிறது. நான் வெளியே கேட்ச் போட்டு எக்ஸெப்ஷனைப் பிடித்து, தோல்விப் பதிவை எழுதி, கடைசியில் கமிட், அதாவது பதிவு செய்யச் சொல்லிக் கேட்கிறேன். ரத்து என்று முத்திரை குத்திய பத்திரத்தை எந்த ரிஜிஸ்திரார் பதிவு செய்வார்? ‘அன்எக்ஸ்பெக்டட் ரோல்பேக் எக்ஸெப்ஷன்’ என்று முகத்தில் எறிகிறது. பணம் எடுத்தது, தோல்வியை எழுதியது, எல்லாம் ஒரே மூட்டையாகப் போய்விட்டது.

கேட்ச் போட்டுவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நினைப்பு. எத்தனை வருடமாகவோ.

வீட்டுக்காரப் பாட்டி மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். “கி நுவேல்?” என்ன சேதி என்று அர்த்தம். இந்த ஊரில் எல்லோரும் கேட்பதுதான், பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஆனால் பாட்டி நின்று பார்க்கிறார்.

ஜனவரி 29

சீனப் புத்தாண்டு, விடுமுறை. இரவெல்லாம் வெடி. தூங்கவில்லை.

ஜனவரி 30

தோல்விப் பதிவை எழுதும் மெத்தடுக்கு ‘ரிக்வயர்ஸ் நியூ’ போட்டேன். தனி ட்ரான்ஸாக்‌ஷன், தனி கமிட், வெளியே இருப்பது செத்தாலும் இது பிழைக்க வேண்டும். ஓட்டினேன். டேபிள் காலி.

மூன்று மணி நேரம். எழுத்துப்பிழையா என்று பார்த்தேன், பில்டை அழித்துத் திரும்பக் கட்டினேன், டேபிள் பெயரைக்கூட இரண்டு முறை சரிபார்த்தேன். கடைசியில் ட்ரான்ஸாக்‌ஷன் இன்டர்செப்டருக்கு லாக்கை ‘ட்ரேஸ்’ என்ற மிக நுணுக்கமான அளவுக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால், வெளியே இருக்கும் மெத்தடுக்கு ஒரு வரி வருகிறது, உள்ளே இருப்பதற்கு வரியே இல்லை. ஸ்பிரிங் அதைப் பார்க்கவே இல்லை. ஏனென்றால் இரண்டும் ஒரே கிளாஸில் இருந்தன. அனோட்டேஷனைப் படிப்பது கிளாஸுக்கு முன்னால் ஸ்பிரிங் நிறுத்தும் இடைத்தரகர், ப்ராக்ஸி. வெளியிலிருந்து வரும் அழைப்பு மட்டும்தான் ப்ராக்ஸி வழியாக வரும். ஒரே கிளாஸுக்குள் ‘திஸ்’ என்று கூப்பிட்டால் நேராகப் போய்விடும். கோவில் வாசலில் கால் கழுவுகிறோம். மண்டபத்திலிருந்து சன்னதிக்குப் போக யார் கழுவுகிறார்கள்?

தனி கிளாஸாக, ஸ்பிரிங் பராமரிக்கும் தனி பீனாகப் பிரித்தேன். ‘ஓடுவதை நிறுத்திவைத்துப் புதிது தொடங்குகிறேன்’ என்று லாக் சொன்னது. தோல்விப் பதிவு டேபிளில் உட்கார்ந்தது. எங்கள் டீமின் கோயம்புத்தூர்க்காரர் எழுந்து நின்று கை தட்டினார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாகர்கோவிலுக்குக் கூப்பிட்டேன். இங்கே எட்டு, அங்கே ஒன்பதரை. அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். என்ன மாத்திரை என்று தம்பி சொல்லவில்லை.

பிப்ரவரி 1, சனி

அடிமை முறை ஒழிந்த நாள், விடுமுறை. பாட்டி பித்தளைச் செம்பையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். பேரன் இந்த வருடமும் காவடி எடுக்கிறானாம். பாட்டியின் தமிழ் கோவில் தமிழ். தேவாரம் பிசகாமல் வரும், “தண்ணீர் கொண்டு வா” என்பதற்குக் கிரியோல்தான் வரும். எனக்கு நேர் எதிர்.

பிப்ரவரி 2

கொடியேறிவிட்டது. பத்து நாள் விரதம். நீயும் இருக்கிறாயா என்று பாட்டி கேட்டார். சரி என்றேன். யாருக்காக என்று கேட்கவில்லை. நல்லவேளை.

பிப்ரவரி 3

பெண்டிங். பெண்டிங். பெண்டிங்.

கட்டணம் போய்ச் சேர்ந்ததா என்று எதிர்த்தரப்பு நமக்குத் திருப்பிச் சொல்லும். அது வந்ததும் அந்த வரி ‘பெண்டிங்’ என்பதிலிருந்து மாறும். ஐந்து செகண்டுக்கு ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். டேபிளை நான் தனி ஜன்னலில் திறந்து பார்த்தால் மாறிவிட்டது. புரோகிராமுக்குள் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது. டேபிளைப் படித்துத் தரும் ஹைபர்னேட் பழையதைப் பிடித்துவைத்திருக்கிறதோ என்று ரெஃப்ரெஷ் போட்டேன். அப்படியும் பெண்டிங்.

போன ப்ராஜெக்ட்டில் இதே மாதிரி எழுதி ஓடியதே! அதன் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். இதற்கு மைஎஸ்க்யூஎல். ஐசொலேஷன், அதாவது மற்றவர்கள் செய்யும் மாற்றம் நமக்கு எப்போது தெரியும் என்பது, என்னவென்று ஸ்பிரிங்கில் குறிப்பிடாவிட்டால் டேட்டாபேஸின் வழக்கம் எதுவோ அதுதான். போஸ்ட்கிரஸில் ரீட் கமிட்டட், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அப்போதைய நிலவரம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின் இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட். முதல் தடவை படித்தபோது இருந்த காட்சிதான் அந்த ட்ரான்ஸாக்‌ஷன் முடியும்வரை. வெளியே உலகம் மாறிவிட்டிருக்கும், உள்ளே இருப்பவனுக்கு மாறாது. நூறு தடவை கேட்டாலும் அதே பதில்.

ரீட் கமிட்டட் ஆக்கிவிடுங்கள், ஒரே வார்த்தை, என்றார் கோயம்புத்தூர்க்காரர். எனக்கு ஒப்பவில்லை. ஒரு நிமிடம் முழுக்க ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருப்பதுதான் தப்பு. ஐசொலேஷனை மாற்றினால் தப்பு மறையும், போகாது. காத்திருப்பதை வெளியே எடுத்தேன். ஒவ்வொரு முறையும் திற, படி, மூடு.

லேப் இணையதளத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். தயாராகவில்லை. இன்று ஒன்பது தடவை.

பிப்ரவரி 4

வரவில்லை.

பிப்ரவரி 5

லோட் டெஸ்ட், ஒரே நேரத்தில் பல பேரை விட்டுப் பார்ப்பது. இருபது பேர் வந்ததுமே எல்லாம் நின்றுவிட்டது. சிபியூ சும்மா இருக்கிறது, டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது, யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. சரியாக முப்பது செகண்ட் கழித்து வரிசையாகப் பிழைகள். டேட்டாபேஸுக்கான இணைப்புகளைக் கடன் கொடுத்து வாங்கும் ஹிகாரி பூலில் கனெக்‌ஷன் இல்லையாம்.

விரல் விட்டு எண்ணினேன். பூலின் வழக்கமான அளவு 10. பத்து பேர் வந்து ஆளுக்கு ஒரு கனெக்‌ஷனை எடுத்துக்கொண்டார்கள். பத்து பேருக்கும் கட்டணம் தோற்றது; டெஸ்ட்டில் நான்தான் எல்லாமே தோற்கிற மாதிரி வைத்திருந்தேன். இப்போது தோல்விப் பதிவுக்காக ரிக்வயர்ஸ் நியூ. அதற்கு இரண்டாவது கனெக்‌ஷன் வேண்டும். முதலாவதை விட முடியாது, அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதே தவிர முடியவில்லை. பத்து பேரும் கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முப்பது செகண்ட் என்பது ஹிகாரியின் பொறுமை.

ஸ்பிரிங் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு வேலையைக் கவனிக்கும் த்ரெட்டுகளைவிடப் பூல் ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிக்வயர்ஸ் நியூவைத் தொடாதே. எங்கள் சர்வரான டாம்கேட்டில் த்ரெட் 200 வரை போகும். பூலை 201 ஆக்குவதா? டேட்டாபேஸ் ஆள் என்னை அடிப்பார்.

ஜனவரி 30 அன்று கை தட்டியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ரிக்வயர்ஸ் நியூவே வேண்டியதில்லை. கேட்சை ட்ரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே வைத்திருந்தால் போதும். மேலே அனோட்டேஷனே இல்லாத ஒரு கிளாஸ். அது பணம் எடுக்கும் சர்வீஸைக் கூப்பிடும். அது தோற்றால் முழுதாக ரோல்பேக் ஆகிக் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வரும். அப்புறம் தோல்விப் பதிவு, அது தன்பாட்டுக்கு ஒரு சின்ன ட்ரான்ஸாக்‌ஷன். ஒருவர் கையில் ஒரு நேரத்தில் ஒரு கனெக்‌ஷன்தான். இருநூறு பேரை விட்டுப் பார்த்தேன். வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள்.

இங்கே பத்தரை. அங்கே பன்னிரண்டு. கூப்பிட முடியாது.

பிப்ரவரி 6

எட்டு பேருக்குப் பணம் பாதி எடுத்த நிலையில் கமிட் ஆகியிருக்கிறது. டெஸ்ட் கணக்குதான், நிஜ ஆட்கள் இல்லை. என்றாலும் வயிறு கலங்கியது. ‘இருப்பு போதாது’ என்று ஒரு எக்ஸெப்ஷன் எழுதியவர் அதைச் செக்டு வகையாக, கட்டாயம் கையாளச் சொல்லும் வகையாக, எழுதிவிட்டார். ரன்டைம் வகைக்கும் எரருக்கும்தான் ஸ்பிரிங் தானாக ரோல்பேக் செய்யும். செக்டு வெளியே வந்தால் கமிட் செய்துவிட்டு அனுப்பிவைக்கும். ‘ரோல்பேக் ஃபார்’ என்று நாம் சொன்னால்தான் கேட்கும். ஸ்பிரிங் 6.2இல் எல்லா எக்ஸெப்ஷனுக்கும் ரோல்பேக் என்று ஒரே இடத்தில் அமைக்க வழி வந்திருக்கிறது. அதைப் போட்டேன். இதை வழக்கமாகவே வைத்திருக்கலாம், யாரையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எழுதியவர் யாரென்று யார் எதை மாற்றினார் என்று குறித்துவைக்கும் கிட் வரலாற்றில் பார்த்தேன். நான்தான். போன செப்டம்பர்.

பிப்ரவரி 8, சனி

தம்பியோடு சண்டை. டாக்டர் ஏதோ “பயப்பட ஒன்றும் இல்லை போலிருக்கிறது” என்றாராம். உடனே அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் சொல்லிவிட்டான். அத்தை கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டாள். சாயங்காலம் லேபிலிருந்து, ஸ்லைடை இன்னொரு இடத்துக்கு அனுப்புகிறோம், இன்னும் சில நாள் என்றார்களாம். இப்போது யார் போய் அத்தையிடம் சொல்வது?

எங்கள் எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான். ‘கட்டணம் செலுத்தப்பட்டது’ என்று ட்ரான்ஸாக்‌ஷனுக்கு நடுவிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. கமிட் தோற்றால் டேபிளில் ஒன்றும் இருக்காது, ஆள் கையில் செய்தி இருக்கும். டேட்டாபேஸை ரோல்பேக் செய்யலாம், எஸ்எம்எஸ்ஸை யார் செய்வது? நிகழ்ச்சி நடந்தபின் ஓடும் ஈவன்ட் லிசனராக மாற்றி, ‘ஆஃப்டர் கமிட்’ கட்டத்தில் அனுப்பச் சொன்னேன்.

அதற்குள்ளேயே ‘அனுப்பியாயிற்று’ என்று ஒரு வரி எழுதப் போனேன், எழுதவில்லை. கமிட்தான் முடிந்துவிட்டதே, இனி எழுதுவதை யார் கமிட் செய்வார்கள்? அந்த ஒரு வரிக்கு மட்டும் ரிக்வயர்ஸ் நியூ திரும்ப வந்தது. பழைய ட்ரான்ஸாக்‌ஷனின் கனெக்‌ஷன் அப்போதும் கையில்தான் இருக்கும் என்பது ராத்திரி படுத்தபின் உறைத்தது. எழுந்து போய் அந்த லிசனரைத் தனி த்ரெட்டுக்கு மாற்றினேன்.

பிப்ரவரி 10

ரிலீஸ் காவடிக்கு மறுநாள். இன்று ஒன்றையும் தொடாதே என்று உத்தரவு. தொடவில்லை. லேப் இணையதளம் பதினான்கு தடவை.

தால் பூரி வாங்க நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அதில் தமிழில் எழுதியிருப்பதை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்றும் ஒரு நொடி நின்று படித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கோர் த கார்ட் மலையடிவாரம். எங்கும் ரோஜா நிறம். பேரன் கன்னத்தில் வேல், முதுகில் எலுமிச்சம்பழங்கள் ஆடுகின்றன. நான் பாட்டியின் பால் செம்பைச் சுமந்தேன். வாழையிலை கட்டி நூலால் சுற்றியிருந்தது. இந்த வெயிலில் பால் திரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். தார் ரோடு காலைச் சுட்டது. செம்பை இறக்கியதும் பாட்டி இலையை விலக்கிப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். திரியவில்லை.

ஏழு கறி, இலையில். இரண்டு தடவை சோறு வாங்கினேன். போனைப் பையிலேயே விட்டிருந்தேன், நான்கு மணி நேரம். தம்பி கூப்பிடவில்லை.

பிப்ரவரி 12

ரிலீஸ் ஆயிற்று. மாலைக்குள் தோல்விப் பதிவு ஆறு. ஆறும் டேபிளில் இருக்கின்றன, காரணத்தோடு. ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன்.

பாட்டி “கி நுவேல்?” என்றார். அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எதில் தொடங்கினேன் என்று தெரியவில்லை, தமிழில் பாதி, எனக்குத் தெரிந்த கிரியோலில் பாதி. கையைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 13

தயாராகவில்லை. காலை ஆறு மணிக்கு.

தயாராகவில்லை, பதினொன்று.

மூன்றரைக்குப் பக்கமே திறக்கவில்லை.

தம்பி கூப்பிடுகிறான். இங்கே ஐந்து, அங்கே ஆறரை. இந்த நேரத்தில் அவன் கூப்பிடுவதே