வாசனை ஆகாத உடம்போடு இரண்டு ஆண்டுகள்

அம்மாபேட்டை வாடகை வீட்டின் கதவு, ஜன்னலுக்கெல்லாம் எனாமல் பெயின்ட் அடித்த வாரத்தில் தொடங்கியது. முதலில் தின்னர் வாடைக்குத் தலைவலி. இரண்டே மாதத்தில் ஊதுவத்தி, பினாயில், கொசுவத்தி, பஸ்ஸில் பக்கத்தில் அமர்பவரின் சென்ட் என எதுவுமே ஆகவில்லை. நெஞ்சு இறுகும், மூக்கு எரியும், பேசும்போதே சொல் மறந்துபோகும். வெளியே வந்து நின்றால் ஒரு மணி நேரத்தில் தெளியும்.

ஒரு மருத்துவர் அலர்ஜி என்றார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இன்னொருவர் அத்தையின் முன்னாலேயே "மனப்பிரமை" என்றார். அன்றிலிருந்து வீட்டில் நான் நடிப்பவள். உடம்பின் நச்சை இறக்குகிறேன் என்ற ஒருவரிடம் மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நான்காவதாகப் பார்த்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடும் முன் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த வாசனை, எத்தனை நிமிடத்தில் தொல்லை, விலகினால் எப்போது சரியாகிறது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதிவரச் சொன்னார். குழாயில் ஊதவைத்து நுரையீரலைச் சோதித்தார். தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு எதையும் விடவில்லை. எனக்கு லேசான ஆஸ்துமாவும் ஒற்றைத் தலைவலியும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவற்றுக்கு மருந்து தொடங்கியதுமே பாதிச் சுமை இறங்கியது.

மீதிக்கு அவர் சொன்ன பெயர் மல்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டி, அதாவது பல வேதிப்பொருள்கள் உடம்புக்கு ஆகாத நிலை. 1987இல் மார்க் கல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை வரையறுத்தார். 1999இல் ஆய்வாளர்கள் கூடி ஆறு அடையாளங்களை வகுத்தார்கள். குறைந்த அளவிலேயே தொல்லை தருவது, விலகினால் தணிவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்களுக்கு வருவது ஆகியவை அவற்றில் சில. இதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது. எது உண்மையான வேதிப்பொருள், எது வெறும் காற்று என்று சொல்லாமல் முகரவைத்த ஆய்வுகள் பலவற்றில் நோயாளிகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. "அதனால் உங்கள் வேதனை பொய்யாகிவிடாது அம்மா" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஏற்காட்டில் அண்ணன் வீட்டோடு போய்விடுவதாகச் சொன்னேன். ஏற்கெனவே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் ஒரு மாதம் அங்கே இருந்தவள்தான். காப்பித் தோட்டத்தில் மருந்தடித்த அன்று, அங்கும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். கீழே மகள் தனியாகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "ஓட ஓட ஆகாதவற்றின் பட்டியல்தான் நீளும், நிச்சயமாகத் தொல்லை தருவதை மட்டும் விலக்குங்கள்" என்றார் மருத்துவர்.

பினாயிலை நிறுத்தினோம். கொசுவத்திக்குப் பதில் வலை கட்டினோம். மனநல ஆலோசகரிடம் அனுப்பியபோது கோபம்தான் வந்தது, மறுபடியும் மனப்பிரமையா என்று. ஆனால் நெஞ்சு இறுகும்போது பதறாமல் மூச்சை நிதானப்படுத்தவும், விட்டுப்போன கல்யாண வீடுகளுக்குக் கால் மணி நேரமாவது போய்வரவும் பழக்கியவர் அவர்தான்.

நோய் போய்விடவில்லை. பெயின்ட் வாடை இன்றும் ஆகாது. போன வெள்ளிக்கிழமை அத்தை பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜன்னலைத் திறந்துவிட்டுச் சூடம் காட்டட்டுமா கண்ணு?" என்று கேட்டார். காட்டச் சொல்லிவிட்டு வாசற்படியில் நின்று கும்பிட்டேன்.