டிரம்மில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்: எவோ 7 காரை இ85-க்கு மாற்றிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு காரை இ85-இல் (சுமார் 85 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல்) ஓட்ட நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி எண்ணெய்தான். நம் எண்ணெய் நிலையங்களில் ரோன் (பெட்ரோலின் ஆக்டேன் எண்) 95, 97, சில இடங்களில் 100 கிடைக்கும், இ85 கிடைக்காது. தாய்லாந்துக்காரர்களுக்குச் சில நிலையங்களில் பம்பிலேயே கிடைக்கிறது, நமக்கு டிரம்தான் கதி. என் மிட்சுபிஷி லான்சர் எவோ 7 இப்போது அருமையாக ஓடுகிறது. ஆனால் நான் வாங்கிய ஒரு டிரம் இன்ஜினையே காலி செய்திருக்கலாம். அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

காருக்குள் எண்ணெயைத் தள்ளும் பம்பும், அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பிரச்சினையில்லாமல் முடிந்தன. பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ85-க்கு 9.8 போதும். அதாவது அதே காற்றுக்கு எண்ணெய் மிக அதிகமாக ஊற்ற வேண்டும். கம்பெனி கொடுத்த 560 சிசி (நிமிடத்துக்குப் பீய்ச்சும் அளவு) இன்ஜெக்டர் இதற்குப் பற்றாது. 1000 சிசி போட்டேன், கூடவே எத்தனால் தாங்கும் வால்ப்ரோ 450 பம்ப்.

ஹோஸ் விஷயத்தில்தான் அலைக்கழிந்தேன். ஈப்போவில் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் "எத்தனால் தாங்கும், கவலைப்படாதீங்க" என்று ஒரு ரப்பர் ஹோஸைக் கொடுத்தார்கள். பட்டறை அண்ணன் அதைப் பொருத்தவில்லை. விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, எத்தனால் ஊற்றிய ஜாம் பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். சில நாள் கழித்து எடுத்தால் துண்டு உப்பியிருந்தது, தொட்ட விரலெல்லாம் கறுப்பு. கடைக்குத் திரும்பப் போனால், "வெட்டின சாமானை எடுக்க மாட்டோம்" என்று கையை விரித்துவிட்டார்கள். உள்ளே டெஃப்ளான் பூசிய ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். எத்தனால் டேங்கில் படிந்த பழைய அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும் என்பதால், முதல் டேங்க் முடிந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது எண்ணெயில் எத்தனால் எவ்வளவு என்று இசியுவுக்கு (இன்ஜினை இயக்கும் கணினி) சொல்லும் ஃபிளெக்ஸ் சென்சர். 50 ஹெர்ட்ஸ் வந்தால் எத்தனால் இல்லை, 150 வந்தால் முழுக்க எத்தனால். எனக்கு ஒன்றுமே வரவில்லை. வயரிங் செய்தவர், "சென்சர் செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க" என்றார். டியூனர் தம்பி லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, சென்சர்ல ஒரு கோளாறும் இல்ல. புல்-அப் போடல, அவ்ளோதான்" என்றார். புல்-அப் என்றால் சென்சரின் சிக்னல் கம்பிக்கு மின்னழுத்தம் கொடுக்கும் இசியு அமைப்பு. ஒரு கிளிக்கில் எண் வந்துவிட்டது. புது சென்சர் வாங்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

இனி அந்த டிரம். வெளியே கொட்டை எழுத்தில் இ85. சென்சர் காட்டியதோ 60 சொச்சம். விற்றவரைக் கூப்பிட்டால், "உங்க சென்சர்தான் தப்பு" என்று போனை வைத்துவிட்டார்.

அளவு கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கினேன். 50 வரை தண்ணீர், மேலே 100 வரை அந்த எண்ணெய். ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு, மூடி, குலுக்கி, நிமிர்த்தி வைத்தேன். எத்தனால் தண்ணீரோடு சேரும்போது சூடு வரும், குழாய் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. மெல்லப் பிரிந்து, கீழே ஆரஞ்சு நிறம், மேலே நிறமில்லாத பெட்ரோல். கோடு 81-இல் நின்றது. 31 மில்லி ஏறியிருக்கிறது, 50-க்கு 31 என்றால் 62 சதவீதம். நல்ல இ85 என்றால் கோடு 92 பக்கம் வர வேண்டும். இந்த முறை ஓரிரு சதவீதம் குறைத்துக் காட்டலாம், இருபது சதவீதம் குறைக்காது.

குழாயோடு அவர் கடைக்கே போய், அவருடைய வேறொரு டிரம்மிலிருந்து எடுத்து, மற்ற வாடிக்கையாளர்கள் பார்க்க அதையே செய்து காட்டினேன். அதுவும் அதே லட்சணம். "சரி பாஸ், டிரம்மை மாத்தித் தர்றேன்" என்றார். பணமாக வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது எடுக்கும் இடத்தில் மூடி திறந்ததும் சோதித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.

சென்சர் இல்லாமல் இ85-க்கு மட்டும் டியூன் செய்து ஓட்டியிருந்தால், அந்த இக்னிஷன் அட்வான்ஸுக்கும் (ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிப்பது) பூஸ்டுக்கும் (டர்போ அழுத்தம்) இந்த எண்ணெய் நாக் அடித்து, அதாவது கலவை தானாக வெடித்து, பிஸ்டனை உடைத்திருக்கலாம். செலவைக் குறைக்க சென்சரை விட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தோட்டத்துப் பக்கம் ஜிங்க் கொட்டகையில் டிரம் வைப்பவர்கள் மூடியை இறுக்கி வையுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். சீக்கிரம் தீர்கிற அளவுக்கே வாங்குங்கள். எத்தனால் நெருப்பு வெயிலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்சூரன்ஸ்காரரிடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் குடிக்கிறது, அதைத் தவிர்க்க வழியில்லை. கோலாலம்பூர் போகும்போது மட்டும் டிரம்மைப் பற்றிய கவலையே இல்லை. வழியில் ரோன் 97 அடிக்கிறேன், கலவை எவ்வளவு என்பதை சென்சர் பார்த்துக்கொள்கிறது.