நிமிடத்துக்கு 21 சொட்டு

மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நேற்றிரவு ஒரு கணக்கோடு உட்கார்ந்திருந்தாள். 500 மில்லி குளுக்கோஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 21. விடை வந்தபிறகும் இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். "தப்பானால் நோயாளிதானே அப்பா கஷ்டப்படுவார்?" என்றாள்.

"ஊசி போடவா நான்கு வருடம்?" என்று கேட்கும் உறவினர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. உடற்கூறியல், மருந்தியல், மனநலம், மகப்பேறு, போதாததற்கு வார்டில் பயிற்சி. தேறி, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்தபிறகே அவள் பதிவுபெற்ற செவிலியர்.

இப்போது ஆச்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிடமும் நாடியை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆச்சி மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருக்கிறார்.