ஒழுகாத எண்ணெய் பாட்டில்: தலை எண்ணெய்க்கு மூடியும் முனையும் வடிவமைத்த அனுபவம்

குமரி மாவட்டத்தில் பல வீடுகளின் அலமாரித் தட்டில் ஒரு வட்டக் கறை இருக்கும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டில் வழக்கமாக இருக்கும் இடம் அது. பாட்டிலைக் கையில் எடுத்தால் கழுத்திலிருந்து அடிவரை மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் முகப்பவுடரும் தூசியும் ஒட்டியிருக்கும்; லேபிள் ஊறி எழுத்து கலங்கியிருக்கும். கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை 100 மி.லி. பாட்டிலில் விற்கும் சிறு யூனிட் எங்களுடையது. வாங்கியவர்கள் எண்ணெயைக் குறை சொல்லவில்லை, பாட்டிலைத்தான் சொன்னார்கள். அதைச் சரிசெய்யும் வேலையில் என்னென்ன செய்தோம், எது உதவவில்லை, ஏன் என்பதை அளவுகளோடு எழுதுகிறோம்.

எண்ணெய் வெளியே வருவதில் பெரிய சிக்கல் கிடையாது. வரத்து நிற்கும் நேரத்தில் முனையில் தொங்கும் கடைசித் துளி எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது கீழே விழ வேண்டும், அல்லது உள்ளே திரும்ப வேண்டும். இரண்டும் நடக்காதபோது விளிம்பைச் சுற்றிப் பாட்டிலின் வெளிச்சுவரில் இறங்குகிறது. ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுப் பாருங்கள். தண்ணீர் முத்தாக நிற்கும். எண்ணெய் பரவிப் படியும். எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் போன்ற மூடி பிளாஸ்டிக்குகளில் அது சுலபமாக ஒட்டிக்கொண்டு ஊர்ந்து போகும். தண்ணீர் போன்ற திரவத்துக்குச் சரியாக வேலை செய்யும் மூடி எண்ணெய்க்கு ஒழுகுவதற்குக் காரணம் இதுதான்.

தொங்கும் துளியின் அளவைத் தீர்மானிப்பது துளையின் உள்விட்டம் என்றுதான் முதலில் தோன்றும். எண்ணெய் முனையின் முகப்பு முழுவதையும் நனைத்துவிடுவதால் வெளிவிட்டம்தான் கணக்கு. 3 மி.மீ. வெளிவிட்டமுள்ள முனையில் ஒரு துளி சுமார் 0.023 மி.லி. வரும், வெளிவிட்டம் இரட்டிப்பானால் துளியும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். துளையைச் சின்னதாக்கி, சுற்றியுள்ள முகப்பைத் தடிமனாக விட்ட மூடிகள் எத்தனையோ சந்தையில் கிடக்கின்றன. அவற்றால் எண்ணெய் மெதுவாக வரும், ஒழுகல் குறையாது.

எதை மாற்றினாலும் அளந்துதான் மாற்ற வேண்டும். 0.01 கிராம் காட்டும் சிறிய தராசும் டிஷ்யூ பேப்பரும் போதும். பாட்டிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு 20 முறை எண்ணெய் எடுத்து, ஒவ்வொரு முறையும் மூடி நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு எடை போட்ட ஒரு டிஷ்யூவால் பாட்டிலின் வெளிப்புறத்தையும், இன்னொன்றால் மூடியின் உட்புறத்தையும் துடைத்து மறுபடி எடை பார்க்க வேண்டும். கூடியிருக்கும் எடைதான் ஒழுகல். இரண்டையும் ஒரே டிஷ்யூவால் துடைத்தால் சோதனை வீண். வெளிப்புறத்தில் சேர்ந்தால் கோளாறு விளிம்பில் இருக்கிறது. மூடிக்குள் சேர்ந்தால் முனைக் குழாயில் எண்ணெய் மிஞ்சுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எடுப்பவர் ஒரே ஆளாகவும், அறையின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்கட்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாகி அளவு மாறும்.

விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய விளிம்பில் எண்ணெய் வளைந்து வெளியே போகும். கூரிய விளிம்பில் அறுபட்டு நிற்கும். மூலையின் வளைவு ஆரம் 0.2 மி.மீ.க்குள் இருக்கட்டும். விளிம்புக்குப் பின்னால் வெளிச்சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தால் தாண்டி வந்த எண்ணெய்க்கும் கீழே இறங்க வழி கிடைக்காது. ஊதிச் செய்த பாட்டிலின் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். மோல்டின் (பாட்டிலை வார்க்கும் அச்சின்) இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில், எதிரெதிராக இரண்டு மெல்லிய வரம்புகள் தட்டுப்படும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் எண்ணெய் அந்த வரம்பின் ஓரமாகவே கசியும். வரம்பு தெரியும் பாட்டில்களை ஒதுக்கிவிடுவதுதான் நல்லது. உரசிச் சமன்செய்யப் பார்த்தால் கீறல் விழுந்து அதுவே இன்னொரு கசிவு வழியாகும்.

முனையைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் வைத்து, வழிந்த எண்ணெயை ஒரு துளை வழியாக உள்ளே திருப்பிவிடும் அமைப்பும் உண்டு. துணி துவைக்கும் திரவத்தின் மூடியில் பார்த்திருப்பீர்கள். சாய்த்து ஊற்றும் கெட்டியான பாட்டிலுக்கு அது அருமையான ஏற்பாடு. பிழிந்து எடுக்கும் பாட்டிலில் வைத்தால், அழுத்தும்போது முனை வழியாக வரவேண்டிய எண்ணெய் திருப்புத் துளை வழியாகவும் பீய்ச்சும். ஊற்றுவதா, பிழிவதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்க்க முடியாது.

நாங்கள் பிழிவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பாட்டிலே கடைசித் துளியை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பது. எல்.டி.பி.இ. என்ற மென்மையான பாலிஎத்திலீன் பாட்டிலை அழுத்திவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் சுவர் பழைய உருவத்துக்கு வரும். அப்போது காற்றோடு முனையில் இருக்கும் எண்ணெயையும் உள்ளே இழுக்கும். குடிதண்ணீர் விற்கும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் இது நடக்காது. அது நொறுங்கி மடிந்து, மெதுவாகத்தான் நிமிரும். எல்.டி.பி.இ.க்கும் ஒரு குறை உண்டு: நாளாக ஆக எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் ஊறும், வாசனையும் வெளியேறும். அதனால் எச்.டி.பி.இ. என்ற கொஞ்சம் விறைப்பான பாலிஎத்திலீன் கலந்து ஊதிய பாட்டில் நல்லது. உள்ளிழுப்பு முழுதாக நடக்க வேண்டுமானால் முனை கீழே இருக்கும்போதே பிடியை விட வேண்டும், அதன் பிறகுதான் நிமிர்த்த வேண்டும். பலரும் பிழிந்தபடியே நிமிர்த்துவார்கள். பாட்டிலின் முதுகில் ஒரு சிறு படம் போட்டு இதைக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

சாஸ் பாட்டில்களில் வரும், சிலுவைக் கீறல் போட்ட சிலிக்கான் வால்வு கடைசித் துளியை இதைவிடச் சுத்தமாக அறுக்கும். ஆனால் எண்ணெயில் லிக்விட் பாரஃபின் (மினரல் ஆயில்) கலந்திருந்தால் சிலிக்கான் ஊதிப்போகும், கீறல் சரியாக மூடாது. சுத்தமான தேங்காய் எண்ணெய்க்கு அந்தத் தொல்லை குறைவு. வால்வை எடை போட்டு, உங்கள் எண்ணெயில் ஒரு வாரம் ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போட்டுப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். சொட்டுப் பாட்டிலின் ரப்பர் குமிழுக்கும் இதே சோதனை தேவை. இயற்கை ரப்பர் எண்ணெயில் உப்பிப் பிசுபிசுக்கும். பாலிஸ்டைரீன் மூடிகள் எண்ணெய் பட்டு நாளடைவில் மயிர்க்கோடாக வெடிக்கும்.

அடுத்தது தேய்க்கும் முனை. உள்ளங்கையில் ஊற்றித் தலையில் வைக்கும்போது பாதி கையிலும் கழுத்திலும் போய்விடுகிறது. எண்ணெய் போக வேண்டிய இடம் மயிர்க்கால். வகிடு எடுத்து, அந்த வரியில் நேராக விடுவதற்கு மூன்று பல் கொண்ட முனை சரியாக இருந்தது. பல்லின் நீளம் 22 மி.மீ., நுனியின் வெளிவிட்டம் 3 மி.மீ.; நுனி தலைத்தோலில் கீறாதபடி உருண்டையாகவும், துளையின் ஓரம் மட்டும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். உள்குழாய் அடியில் 1.8 மி.மீ., நுனியில் 1 மி.மீ. என்று சரிந்து வரும். மூன்று குழாய்களிலும் சேர்த்து 0.1 மி.லி., அதாவது நாலைந்து துளி எண்ணெய் தங்கும். பாட்டிலை நிமிர்த்தினால் தானாக இறங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம்: 1 மி.மீ. துளையில் சுமார் 13 மி.மீ. உயர எண்ணெய் நுண்குழாய் விசையிலேயே நிற்கும். அதை இறக்குவதும் பாட்டிலின் உள்ளிழுப்புத்தான்.

துளையை 1 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோனால் மூலிகைத் துகள் அடைக்கும். காய்ச்சிய எண்ணெயை நாலாக மடித்த துணியில் வடித்து, மூன்று நாள் அசையாமல் தெளியவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் நைலான் வலையில் மறுபடி வடிப்பது நல்லது. அடியில் தங்கிய மண்டியை எந்தப் பாட்டிலிலும் சேர்க்கக் கூடாது.

மூடியில் மூன்று ஊசி வைத்து மூன்று துளைகளையும் அடைத்துப் பார்த்தோம். அது தப்பான யோசனை. ஊசி உள்ளே இறங்கும் அளவுக்கு எண்ணெய் மேலே வழியும். ஒவ்வொரு முறை மூடும்போதும் மூடிக்குள் ஈரம். பற்களைச் சும்மா விட்டுவிட்டு, அவற்றின் அடியில் இருக்கும் வளையத்தில் மூடி இறுகும்படி மாற்றியதும் அது நின்றது.

மூடியைப் பற்றி இன்னொன்று. திறக்கும்போது கை உலர்ந்திருக்கும். மூடும்போது எப்போதும் எண்ணெய்க் கைதான். விரல்நகம் வைத்துத் திறக்கும் சின்னப் பள்ளமும், வழுவழுப்பான திருகு மூடியும் அங்கே வழுக்கும். மூடி அகலமாக, ஆழமான வரிகளோடு இருக்க வேண்டும். மணிக்கட்டாலோ கையின் பக்கவாட்டாலோ அழுத்தினால் மூடிக்கொள்வது இன்னும் நல்லது. பிள்ளைக்குத் தலை பின்னிவிடும் அவசரத்தில் இரண்டு கையும் எண்ணெயாக இருக்கும்போது அதன் அருமை தெரியும். கீல் வைத்த மூடியில் கீலின் மடிப்புக்குள் எண்ணெயும் அழுக்கும் சேரும், துடைக்கவே முடியாது.

“தீரப்போகிற நேரத்தில்தான் பைக்குள் ஒழுகுது” என்று சிலர் சொன்னது உண்மை. பாதி தீர்ந்த 100 மி.லி. பாட்டிலில் 50 மி.லி. காற்று இருக்கிறது. 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாகும்போது அந்தக் காற்று சுமார் 2.5 மி.லி. விரியப் பார்க்கும். பாட்டில் நின்றுகொண்டிருந்தால் காற்று முனைப் பக்கம் இருக்கும், வெளியே போய்விடும். படுத்துக் கிடந்தால் முனைப் பக்கம் இருப்பது எண்ணெய். அதைத்தான் காற்று தள்ளும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் தினமும் நடப்பது இது. ஆகவே கசிவுச் சோதனையை நிறைந்த பாட்டிலில் மட்டும் செய்தால் போதாது. பாதியும், கால்வாசியும் நிரப்பி, படுக்கவைத்து, தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பும் வெப்பமானியும் வைத்து 45 டிகிரியில் ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும்.

நிரப்பும்போது எண்ணெய் 35 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றி மூடினால் ஆறியதும் பாட்டிலின் சுவர் உள்வாங்கும், அளவும் குறையும். கோட்டுக்கு நிரப்புவதைவிட எடைக்கு நிரப்புவது நம்பகமானது: 100 மி.லி.க்குச் சுமார் 92 கிராம். மேலே 5 முதல் 8 சதவீதம் காலி இடம் விட வேண்டும். மூடியை இறுக்கிய மறுநாள் ஒரு முறை சரிபாருங்கள். மூடிக்குள் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் மெல்லிய வட்டு (வாட்) அமுங்கித் திருகு தளர்ந்திருக்கும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் பாட்டில் வெள்ளையாகிவிடும், 1 மி.மீ. துளை முதலில் அடைபடும். ஆத்திரத்தில் பிழிந்தால் முனையே பிடுங்கிக்கொண்டு வரும். இளஞ்சூட்டுத் தண்ணீர் உள்ள மக்கில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி லேபிளிலேயே எழுதிவிட்டோம். பம்ப் மூடியைக் கைவிட்டதற்கும் இதுவே காரணம். அதன் பந்தும் ஸ்பிரிங்கும் உறைந்த எண்ணெயில் சிக்கிக்கொள்ளும்.

மோல்டு செலவுக்கு முன் 3டி பிரிண்டில் மாதிரி எடுக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள். 1 மி.மீ. என்று வரைந்த துளை அதைவிடச் சின்னதாகத்தான் வரும், 1 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருப்பித் திறந்துகொள்ள வேண்டும். பிரிண்டின் அடுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். எண்ணெய் அதன் வழியாக ஊர்ந்து வெளியே வரும். வடிவமைப்பு நன்றாக இருந்தும் மாதிரி ஒழுகுவது பெரும்பாலும் இதனால்தான். நுண்ணிய எமரித் தாளில் தேய்த்து மழமழப்பாக்கிய பிறகே முடிவு சொல்லுங்கள். மோல்டுக்குப் போகும்போது குழாயை அடியில் அகலமாக, நுனியில் குறுகலாக வைப்பது ஒழுகலுக்காக மட்டுமில்லை: மோல்டுக்குள் துளையை உருவாக்கும் ஊசி ஒரே சீராக 1 மி.மீ. கனமும் 22 மி.மீ. நீளமுமாக இருந்தால், உருகிய பிளாஸ்டிக்கின் அழுத்தத்தில் வளையும். துளை ஒரு பக்கமாகப் போய்விடும்.

விற்பனைக்கு என்றால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். லேபிளில் பேட்ச் எண், உரிம எண், காலாவதி, நிகர அளவு எல்லாம் இருக்க வேண்டும். அந்த எழுத்து கடைசிவரை படிக்கும்படி நிற்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததே. காகித லேபிளை விட்டு பிலிம் லேபிளுக்கு மாறினோம். அச்சடித்த பேட்ச் எண்ணை எண்ணெய் விரலால் பத்து முறை தேய்த்துப் பார்த்து, அழியாத மையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பேட்ச் எண்ணை முன்பக்கத்திலிருந்து பாட்டிலின் அடிக்கு மாற்றியாயிற்று. கை அதிகம் படாத இடம் அதுதான்.